அத்தை வீட்டுத் துணி

அம்மாவும் அத்தையும் ஒரு பொங்கலிலிருந்து மறு பொங்கல் வரை பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு தூக்குவாளி. ஆண்டிபட்டியிலிருந்து வந்திருந்த அத்தை, பால் வாங்கிய தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அம்மா அதை எடுத்து இன்னொரு முறை அலசினாள். அவ்வளவுதான் நடந்தது. அம்மாவுக்கு எதையும் தன் கையால் ஒரு தடவை அலசினால்தான் மனசு ஆறும். யார் கழுவியிருந்தாலும் அப்படித்தான் செய்வாள். ஆனால் அதை அத்தை சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டாள். உடனே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் அப்பாவுக்குப் போன் வந்தது. பிறந்த வீட்டில் தன் கை பட்ட பாத்திரம்கூடத் தீட்டாகிவிட்டதாம்.

அப்பா பாவம். சின்னமனூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து சந்தைக்குச் சரக்கு ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நெரிசலிலும் வண்டியை நோகாமல் ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். இந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் மட்டும் அவருக்கு எந்தப் பக்கம் ஒடிப்பது என்று தெரியாது. தன் அக்காவான அத்தையிடம் "நீ சொல்றது சரிதான்" என்பார். அம்மாவிடமும் அதையே சொல்வார். இரண்டு பேருமே அவரை நம்புவதில்லை.

நான் சொல்லப்போவது என் தம்பி பிறந்த வருடம் நடந்தது. அவனுக்கு என்ன ஆனதோ என்று படிப்பவர் பதற வேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன்: அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோயம்புத்தூரில் படிக்கிறான், நிலைவாசலில் குனிந்துதான் வீட்டுக்குள் வருகிறான், மருந்துக் கடைக்குப் போனால் மட்டும் முதலில் தன் ரத்தத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் மாத்திரை கேட்பான். இந்தக் கதையில் பதற வேண்டியது அத்தைக்காக.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி நெடுங்காலம் ஆகியிருந்தது. மாமா தறி வைத்திருந்தார். வீட்டின் முன்பாதி முழுக்கத் தறி, பின்பாதியில் நெய்து முடித்த சேலைகளை அடுக்கிய மர பீரோக்கள். ஒரு பாச்சை நுழைந்து அரித்துவிட்டால் உழைத்ததெல்லாம் போயிற்று என்பதால் அந்த வீட்டில் பாச்சை உருண்டை இல்லாத மூலை கிடையாது. வெள்ளை வெளேரென்று கோலிக்குண்டு அளவில் இருக்கும். அத்தை அதைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி, பழைய சேலைக் கிழிசலில் முடிந்து, பீரோவின் ஒவ்வொரு தட்டிலும் போட்டு வைப்பாள். அத்தையின் சேலையில், தலைமுடியில், அவள் கொடுக்கும் முறுக்கில்கூட அந்த வாசம் லேசாக அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். மூக்குக்குள் சில்லென்று போய் நிற்கும்.

பீரோவோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அத்தைக்கு அந்த உருண்டையின் மேல் அபார நம்பிக்கை. அடைக்கு வைத்த கோழிக்குப் பேன் பிடிக்காமலிருக்கக் கூடைக்கு அடியில் ஒன்று. கரப்பான் வராமலிருக்கச் சாக்கடை வாயில் ஒன்று. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது எங்கள் நாய் டைகர் உண்ணிக்கடியில் சொறிந்துகொண்டே இருப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, இரண்டு உருண்டைகளைத் துணியில் முடிந்து அதன் கழுத்துப் பட்டையில் கட்டிவிட்டாள். டைகர் அன்றைக்கெல்லாம் தும்மியது, சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, சாயங்காலம் வாந்தி எடுத்தது. அப்பா முடிச்சை அவிழ்த்து எறிந்த பிறகுதான் எழுந்து வாலாட்டியது. நாய் எங்கேயோ கெட்டதைத் தின்றுவிட்டது என்று அத்தை சொன்னாள். நாங்களும் ஒப்புக்கொண்டோம். நாய்க்குத் தெரிந்தது எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அது விஷம் என்று அத்தைக்குத் தெரியாமல் இல்லை. நான் ஒருநாள் அதைக் கற்கண்டு போல எடுத்து நாக்கருகில் கொண்டுபோனபோது என் முதுகில் ஒரு அடி வைத்தாள். அத்தை என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். பிறகு அவளே அழுதாள். வாயில் போட்டால்தான் விஷம் என்று அவள் நினைத்திருந்தாள். மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் போகும் விஷத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கடைக்காரர் சொல்லவில்லை, பொட்டலத்தில் எழுதியிருந்தது யாருக்கும் புரியவில்லை.

அத்தையின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் சேலைகள் இல்லை, சின்னத் துணிகள் இருந்தன. என் தாத்தாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து ஓரம் தைத்த துண்டுகள், அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஒரு சட்டை, எனக்குச் சிறுத்துப்போனதும் அத்தை கேட்டு வாங்கிக்கொண்டு போன சட்டைகள், தொட்டிலுக்கென்று மாமாவே நெய்து கொடுத்த ஒரு மெல்லிய பருத்திச் சேலை. வருடம் ஒருமுறை அத்தை அவற்றை வெளியே எடுத்து, துவைத்து, வெயிலில் போட்டு, மறுபடி மடித்துப் புது உருண்டைகள் வைத்து மூடுவாள். யாருக்காக இதையெல்லாம் வைத்திருக்கிறாய் என்று நான் கேட்டிருக்கிறேன். பாத்திரக்காரனுக்குப் போடத்தான் என்று சொல்லிச் சிரித்தாள். பாத்திரக்காரன் மாதா மாதம் தெருவில் கூவிக்கொண்டு போனான். அவனுக்காக அந்தப் பெட்டி ஒருநாளும் திறக்கவில்லை.

தம்பி பிறந்தபோதுதான் அது ஒருவருக்காகத் திறந்தது. நான் பிறந்தது அம்மாவின் ஊரான கூடலூரில். இரண்டாவது பிள்ளை என்பதால் தம்பி எங்கள் வீட்டுப் பொறுப்பு. எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். நாட்பட்டு மெத்தென்று ஆன பருத்தித் துணிதான் போட வேண்டும். அப்பாவின் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அந்த முதல் துணியை அப்பாவின் கூடப்பிறந்தவள் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அத்தை அந்தப் பெட்டியில் பாதியை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தூக்குவாளிக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு வாசலை மிதித்தது அன்றைக்குத்தான்.

அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். அத்தை கட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தாள். அறை முழுக்க வாசம் பரவியது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, ஒரு தண்ணீர் அலசிப் போடட்டுமா என்று துணியை எடுக்கப் போனாள். அத்தையின் முகம் அப்படியே நின்றுவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த துணி எதுவும் தண்ணீர் காணாமல் உள்ளே போனதில்லை. கடையில் எடுத்த தீபாவளிச் சட்டையைக்கூட அலசித்தான் எனக்குப் போடுவாள். அப்படிப்பட்ட அம்மா பக்கத்து வீட்டுக்காரியின் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள்.

"மதினி தொவைச்சுத்தான் கொண்டாந்திருப்பாக. அப்படியே போடுங்க," என்றாள்.

அத்தை வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா நெய்த சேலையில் தொட்டில் கட்டினார்கள். தாத்தா வேட்டியில் தம்பியைச் சுற்றி உள்ளே போட்டார்கள். நனைந்த துணியை அம்மா துவைத்துக் காயப்போடுவாள். அது காய்வதற்குள் அத்தையின் துணிக்கட்டிலிருந்து அடுத்த துணியை எடுத்துப் போடுவார்கள். தொட்டிலுக்குள் தலையை விட்டால் அத்தை வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். தம்பி நாளெல்லாம் அதற்குள் தூங்கினான். நல்ல பிள்ளை, அழாத பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு அவன் மஞ்சளானான். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருவது சகஜம்தான், இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்றார்கள். அப்பா காலையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு வாசல் வெயிலில் உட்கார்ந்தார். வெயில் பட்ட பிறகும் மஞ்சள் இறங்கவில்லை, கண்ணுக்கு ஏறியது. அவன் பால் குடிக்க விழிப்பதே அபூர்வமாகிவிட்டது. அம்மாவை உண்மையில் பயமுறுத்தியது துணிதான். ஒரு காலை அவன் நனைத்த துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் கடுங்காப்பி கொட்டியது போலக் கறை இருந்தது. எந்தக் கறை எதனுடையது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவள் அம்மா. இது தனக்குத் தெரியாத கறை என்றதும் அவள் அப்பாவைக் கூப்பிட்ட குரலில் டைகர்கூட எழுந்து நின்றது.

குட்டியானையின் முன்சீட்டில் அம்மா தம்பியோடு உட்கார்ந்தாள். நான் அவள் காலடியில். வண்டியிலேயே தேனிப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தைகள் வார்டில் இருந்த டாக்டரம்மா தம்பியை வாங்கியதும் முதலில் அவன் நெஞ்சில் குழாயை வைக்கவில்லை. குனிந்து அவனைச் சுற்றியிருந்த வேட்டியை முகர்ந்தார்.

"இதுல பாச்சை உருண்டை போட்டு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

அம்மா ஆமாம் என்றாள். டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டு அத்தனை துணியையும் உருவி ஒரு கவரில் போட்டு வெளியே கொண்டுபோகச் சொன்னார். தம்பியை வெறும் உடம்போடு ஒரு கண்ணாடிப் பெட்டியில் நீல வெளிச்சத்துக்குக் கீழே படுக்க வைத்தார்கள். கண்ணை மட்டும் கட்டியிருந்தார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்பாவோடு லோடு ஏற்றுகிற அண்ணன்மார்கள் சந்தையிலிருந்து அப்படியே வந்து வரிசையில் நின்று கொடுத்தார்கள்.

டாக்டரம்மா அப்பாவையும் அம்மாவையும் நிற்க வைத்து விளக்கினார். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். சில பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஒரு காவல் சத்து குறைவாக இருக்கும். அது தாய் வழியாக ஆண்பிள்ளைக்கு வரும், தாய்க்கே அது தெரியாது. மற்றபடி அந்தப் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும், ஆயுசுக்கும் ஒன்றும் தெரியாமலே இருந்துவிடலாம். ஆனால் பாச்சை உருண்டையின் ஆவி பட்டால் அந்த ரத்தம் உள்ளுக்குள்ளேயே உடைந்துபோகும். அப்படி உடைந்த ரத்தத்தால் வரும் மஞ்சள் மூளைக்கு ஏறினால் பிறகு எந்த வைத்தியமும் இல்லை. நல்ல வேளை, நேரத்துக்கு வந்தீர்கள் என்றார். வீட்டில் வேறு என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்றும் விசாரித்தார். கொசுச்சுருள், பினாயில், எறும்பு மருந்து, நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடர் என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒவ்வொன்றையும் குழந்தைக்கு எட்டாத தூரத்தில் வைக்கச் சொன்னார். நாய்க்குப் பவுடர் போட்ட கையோடு குழந்தையைத் தூக்குவீர்களா என்று கேட்டதும் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா என்னைத் தன் முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"டாக்டரம்மா துணியப் பத்திச் சொன்னத அத்தைகிட்டச் சொல்லக் கூடாது. யாருகிட்டயும் சொல்லக் கூடாது. கேட்டாகன்னா, அம்மா வீட்டு ரத்தத்துல வந்த கொறன்னு சொல்லு."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரையும் அதே பார்வை பார்த்தாள். அவர் வழக்கம்போல நீ சொல்வது சரிதான் என்றார்.

எனக்கு அது கொஞ்சமும் விளங்கவில்லை. சண்டையில் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்காத அம்மாவுக்குக் கையில் இவ்வளவு பெரிய ஆயுதம் கிடைத்திருக்கிறது. தூக்குவாளிக்கு வட்டியோடு திருப்பிக் கொடுக்கலாம். அதை ஏன் மறைக்கிறாள்? இப்போது தெரிகிறது. பிள்ளை இல்லாத ஒருத்தி கொண்டுவந்த துணியைப் போட்டதும் பிள்ளை சாகக் கிடந்தது என்று ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பினால், அதற்குப் பிறகு பாச்சை உருண்டை என்று யார் சொன்னாலும் எடுபடாது. அத்தையின் கையில் எந்த வீட்டிலும் ஒரு பிள்ளையைத் தரமாட்டார்கள். வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். ஏற்கெனவே சில வீடுகளில் கூப்பிடாமல் இருந்தார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு ஆண்டிபட்டிதான் கிட்டம் என்பதால் என்னை அத்தை வீட்டில் விட்டார்கள். ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த வாசத்துக்குள் இருப்பது எனக்குப் பெரும் பாடாக இருந்தது. காலையில் எனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே அத்தை கேட்டாள்.

"டாக்டரம்மா என்னத்தா சொன்னாக?"

"அம்மா வீட்டு ரத்தத்துல வந்த கொறயாம்."

அத்தை சீவுவதை நிறுத்தினாள். கூடலூர்க்காரர்களைப் பற்றி இப்போது ஒரு நீளமான பேச்சு வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. "பாவம், அவளுக்கு எப்படி இருக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னலை முடித்தாள். பிறகு வீரபாண்டி ஆத்தாவுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். அதோடு நிறுத்தாமல், கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து, மிச்சமிருந்த துணிகளையும் எடுத்துக் கட்டத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் நல்ல துணி இருக்காதாம், பிள்ளைக்கு உறுத்துமாம். அங்கேயே துணி கொடுக்கிறார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அத்தை கேட்கவில்லை. நான் பஸ்ஸில் அந்தக் கட்டை என் காலுக்கடியில் ஒளிக்கப் பார்த்தேன். கால் வைக்கிறாயே, தம்பி துணி என்று அத்தை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வார்டு வாசலில் அம்மா எழுந்து வந்து கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கிய வேகத்தில் அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா அதைக் கொண்டுபோய் வண்டியில் போட்டார். ஆஸ்பத்திரியில் அவர்கள் துணிதான் போட வேண்டுமாம் என்று அம்மா சமாதானம் சொன்னாள். அத்தைக்கு முகம் வாடினாலும் கோபிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியை நோக்கி நடந்தாள். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். இரண்டு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார்.

"யாரு இது? இந்த வாசம் பிள்ளைகிட்ட வரக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றார்.

அத்தை தன் சேலையைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் அம்மா நடுவில் புகுந்துவிட்டாள்.

"எங்க ரத்தம் அப்படி மதினி. எந்த வாசமும் ஆகாதாம். பூ வாசம்கூட ஆகாதாம்."

டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அடுத்த பிள்ளையிடம் போனார். அத்தை வெளியே போனாள். ஆனால் டாக்டரம்மா வார்டை முடித்து வராந்தாவுக்கு வந்தபோது அத்தை அங்கே காத்திருந்தாள். நான் தண்ணீர்க் குழாயருகில் நின்று பார்த்தேன். அத்தை ஏதோ கேட்டாள். டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார், கடைசியில் அத்தையின் தோளைத் தொட்டார். அவர் போன பிறகு அத்தை குழாயடிக்கு வந்து, குழாயைத் திறந்து, சேலையோடு கை, கழுத்து, தலை என்று தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டாள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நானும் கொஞ்சம் முகம் கழுவிக்கொண்டேன். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டபோது, "நான் இங்கனயே இருக்கேன்," என்று அத்தை சொட்டச் சொட்ட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது அத்தைக்குத் தெரியும் என்று. அத்தைக்கும் தெரிந்துவிட்டது அம்மா மறைக்கிறாள் என்று. இருவரும் அதைப் பற்றி ஒருத்தரிடம் ஒருத்தர் பேசவில்லை. அம்மா குடித்த பால் தம்ளரை அத்தை கழுவினாள். அம்மா அதை அப்படியே வாங்கி அதில் தண்ணீர் குடித்தாள். இது பெரிய விஷயம் என்று அப்போது நான் எங்கே கண்டேன்?

தம்பியின் நிறம் திரும்பியது. ஒருநாள் அவன் கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. அழாத பிள்ளை என்று நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு அழுகையை நிறுத்தவே இல்லை. அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள்.

பெயர் வைத்துத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். தொட்டிலில் பிள்ளையை முதலில் எடுத்துப் போட வேண்டியது அத்தை. அவள் புதுச்சேலை கட்டியிருந்தாள், கடைக் கஞ்சி வாசம்கூடப் போகாத சேலை. ஆனால் முன்னால் வரவில்லை. கதவோரமாகவே நின்றாள். எங்கள் பெரியப்பா சம்சாரம், நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், சபையில் பேசுவதற்கு யாரும் அவரைக் கேட்கத் தேவையில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி தொடங்கினார்.

"கூடலூர்ல பொண்ணெடுக்கயிலயே நான் சொன்னேன். எந்த ரத்தம்னு தெரியாம எடுத்தா இப்படித்தான். எங்க கொழுந்தன் பிள்ளைக்கு இந்தக் கதி."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாக்கா, எங்க ரத்தத்துல வந்ததுதான்," என்றாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

கதவோரத்திலிருந்து அத்தை நடுவீட்டுக்கு வந்தாள்.

"அவ ரத்தம் ஒண்ணும் பண்ணலை. ஏந்துணிதான் பண்ணுச்சு," என்றாள். "பாச்சா உருண்டை போட்டுப் பூட்டி வச்சிருந்தேன். அந்த வெசத்தத்தான் பிள்ளை மேல சுத்துனேன். டாக்டரம்மாகிட்ட நானே கேட்டுக்கிட்டேன். இவ எனக்காக வாய மூடிக்கிட்டு இருக்கா."

பெரியம்மாவின் பார்வை அத்தையின் முகத்திலிருந்து அவள் வயிற்றுக்கு இறங்கி மறுபடி மேலே ஏறியது. அதை எல்லாரும் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். கட்டிலை விட்டு எழுந்துவிட்டாள்.

"மதினி, நீங்க சும்மா இருங்க. ஒரு தண்ணி அலசாமப் போட்டது நானு. ஊர்த் துணியெல்லாம் தொவைக்கிறவளுக்கு அன்னைக்கு என்ன கேடு?"

"அலசவிடாமப் பண்ணுனது யாரு? நாந்தானே? ஒரு தூக்குவாளிக்கு அந்தக் கூத்து அடிச்சவ நாந்தானே?"

"நீங்க பாசத்துல கொண்டாந்தீக."

"நீ எனக்குப் பயந்துல்ல போட்ட!"

"நான் ஒண்ணும் பயப்படலை. ஒங்க மனசு நோகக் கூடாதுன்னு போட்டேன். எங்க ரத்தத்துல கொற இல்லாட்டி எந்தத் துணியும் ஒண்ணும் செஞ்சிருக்காது."

"ஒன் ரத்தத்தப் பேசாத. ஏந்துணின்னா ஏந்துணிதான்."

குரல் ஏறிக்கொண்டே போனது. இருவர் முகமும் சிவந்துவிட்டது. அம்மா சட்டென்று திரும்பி, கட்டிலிலிருந்த தம்பியை வாரி எடுத்து, "இந்தாங்க, நீங்களே பிடிங்க. நீங்க போட்டாத்தான் இவன் தொட்டில்ல படுப்பான்," என்று கோபமாகச் சொல்லி அத்தையின் நெஞ்சோடு வைத்து அழுத்தினாள். அத்தை அவனை வாங்கிக்கொண்டு, வாங்கிய பிறகும் விடாமல், "தொவைச்சிருக்கணும்டி நீ, என்னையத் திட்டித் தொவைச்சிருக்கணும்," என்று கத்தினாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போதுதான் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தார்கள். அதற்குள் பாயசம் ஊற்றுமுன்பே, இத்தனை பேர் முன்னால், கைப்பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்களே என்று வெட்கமாகவும் இருந்தது. வந்திருந்தவர்களில் ஒருத்தரும் விலக்கிவிடவில்லை, பெரியம்மா உட்பட. சில பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் அப்பாவிடம் ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"போய் வெலக்கி விடுங்கப்பா," என்றேன்.

அப்பா அசையவில்லை. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய மனுஷர் ஒரு வீட்டுச் சண்டைக்கு இப்படிப் பயந்து அழுகிறாரே என்று நினைத்து, அவர் கையை விட்டுவிட்டு, சண்டையை நானே விலக்கிவிடப் போனேன்.